ஒன்பதாவது டிராக்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தையல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாரோ ஒருவருடைய பேண்ட் இடுப்பைப் பிரித்துக்கொண்டே அந்த ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்தேன். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அவன் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிவிட்டது. போன் அணைந்தே கிடந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்ததற்கு, "வளந்த பையன்தானே, வந்துடுவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஒருநாள் அவர்களே கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். அப்பாவும் நானும் போனோம். அவன் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அப்பா உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அன்றிலிருந்து போன் அடித்தால் அம்மா எடுப்பதில்லை. நான் எடுத்துப் பேசும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆல்பத்தின் லிங்க்கை அனுப்பியவன் தம்பியின் சிநேகிதன். எந்நேரமும் கழுத்தில் ஏதாவது ஒரு ஒயர் தொங்குவதால் எங்கள் வீட்டில் அவன் பெயரே ஒயர். எந்தக் கம்பெனியையும் நம்பாமல் அவரவர் அறையில் உட்கார்ந்து எலக்ட்ரானிக் மியூசிக் செய்கிறவர்கள், ஆளுக்கொரு டிராக் கொடுத்து வருஷா வருஷம் வெளியிடும் தொகுப்பு இது என்றான்.

"அக்கா, இதுல யார் பேரும் இருக்காது. வெறும் நம்பர்தான். பேரைப் பாத்துட்டு யாரும் கேக்கக் கூடாதுங்கறது அவங்க வழக்கம்."

"அப்புறம் அவன்தான்னு எப்படிடா கண்டுபிடிக்கறது?"

"கேட்டுத்தான். அவன் ஒரு வருஷம்கூட விட்டதில்லக்கா. பழசைத் தூசு தட்டி அனுப்பவும் முடியாது, டிராக் கேட்டு அறிவிப்பு வந்தப்புறம் செஞ்சதா இருக்கணும். அறிவிப்பு போன மாசம்தான் வந்துச்சு. நான் கேட்டுப் பாத்தேன், எனக்குப் பிடிபடல. வீட்டு ஆளுங்க காதுக்கு ஒருவேளை…"

அவன் முடிக்கவில்லை. இதில் தம்பி இருந்தால், போன மாதம் வரைக்குமாவது இருந்திருக்கிறான். இல்லாவிட்டால்? அதை நான் யோசிக்க மறுத்துவிட்டேன்.

முதல் டிராக்கில் ஒரே சத்தம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. இதற்கு என் தையல் மிஷினையே ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கலாம். வீட்டில் அவன் இப்படி எதையாவது போடும்போது, "டேய், பாட்டு எப்படா வரும்?" என்று கேட்பேன். "இதான்க்கா பாட்டு" என்பான். "அப்ப நம்ம வீட்டு கிரைண்டர்தான் பெரிய வித்வான்" என்று நான் சொல்ல, அம்மா சிரிப்பாள். இப்போது அதே மாதிரிச் சத்தத்தை, சட்டைக்குள் எறும்பு தேடுகிறவளைப் போல அணு அணுவாகத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதில் யாரோ படி ஏறினார்கள். எங்கள் வீட்டுப் படியோ என்று மூன்று தரம் போட்டுக் கேட்டேன். நான்காவதில் ஒரு இரும்புக் கதவு கிறீச்சிட்டது. எங்கள் வாசல் கேட்டேதான் என்று எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி கேட்டால், உலகத்தில் உள்ள எல்லாக் கேட்டும் அப்படித்தான் கிறீச்சிடும் என்று தோன்றியது. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றும் அவன்தான் என்றிருந்தது, ஒன்றுமே அவனில்லை என்றும் இருந்தது. எட்டாவதில் சத்தமே கம்மி. அது முடிந்தபோது அழுதுகொண்டிருந்தேன். பேண்ட்காரர் இடுப்பை எங்கே பிரித்தேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்பதாவது டிராக் அடித்தொண்டையில் முனகுவது மாதிரி தொடங்கியது. கொஞ்ச நேரம் அதுவே. அப்புறம் ஒரு மூச்சு. பேசுவதற்கு முன்னால் மூக்கால் இழுத்து, அரை நொடி பிடித்து வைக்கிற மூச்சு. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்வதற்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சு மைக்கில் கேட்கும். ஊரில் பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரியும். முகம்தான் தெரியாது. காய்கறி வாங்கும்போது அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்பாவுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

மூச்சுக்குப் பிறகு குரல் வந்தது. துண்டு துண்டாக. 'இனி.' 'இந்த வீட்ல.' 'இனி.' 'கதவு.' அந்தத் துண்டுகளே தாளமாகி ஓட, அடியில் முனகல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எல்லாம் சட்டென்று நின்று, முழு வாக்கியமும் ஒரே ஒரு தரம் வந்தது. "போடா. இனி இந்த வீட்ல உனக்குக் கதவு கிடையாது."

அவன் போன அன்று காலையில் வாசலில் நின்று அப்பா சொன்னது அது. பஸ் நிலைய ஆபீஸிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்து, யார் யார் காலிலோ விழுந்து நேர்காணல் வாங்கியிருந்தார். இவன் விடிய விடிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த நேரத்தில் தூங்கிப்போனான். சண்டை வந்தது. தம்பி சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரெக்கார்டர் இருக்கும், தெருவில் பைப் ஒழுகினால்கூடப் பதிவு செய்வான். அன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாக்கியத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துப் போனில் போட்டேன். மூச்சு வந்ததுமே அப்பா நிமிர்ந்தார். முழு வாக்கியம் வந்தபோது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

"போனப்புறம் செஞ்சிருக்கான். இருக்கான்டி. என் புள்ள இருக்கான்!" அழுகையும் சிரிப்புமாக அவள் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்பா கேட்டது வேறு. "இதை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுவாப்பா இப்ப முக்கியம்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தொகுப்பைச் செய்கிறவருக்கு எல்லாவற்றையும் சொல்லி எழுதினேன். நல்ல மனுஷன், உடனே பதில் போட்டார். எந்த டிராக் யாருடையது என்று அவருக்கே தெரியாதாம், பெயர் மறைத்துத்தான் வருமாம். ஆனால் டிராக்குக்குக் கீழே எதையாவது எழுதினால் அது செய்தவருக்கு நேராகப் போய்ச் சேரும். அதற்குப் பதில் எழுதுவதோ, டிராக்கை மாற்றுவதோ, எடுத்துவிடுவதோ செய்தவர் கையில்தான் இருக்கிறது, தன்னாலும் முடியாது என்றும் எழுதியிருந்தார்.

"நானே சொல்றேன், நீ அடி" என்றார் அப்பா. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வந்தால் வராமல் இருப்பானா?

வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அப்பா எழுதறேன். வீட்டுக்கு வா. அந்தக் குரலை மட்டும் எடுத்துடு."

நான் முதல் பாதியை அடித்துவிட்டு நிறுத்தினேன். "ரெண்டாவது வேணாம்பா."

"போடு."

"அவனே எங்க கிடக்கானோ. இப்பப் போய்க் குரலை எடு, கிரலை எடுன்னு…"

"எனக்கு அதைக் கேக்க முடியலம்மா." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அடுத்த நொடியே முறைப்பாகிவிட்டது. "நாளைக்கு அதே வாயால மைக்ல கனிவான கவனம்னு சொல்லணும். நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? ரெண்டையும் போட்டா அனுப்பு. இல்லன்னா ஒண்ணும் வேணாம்."

வெட்கமா வேதனையா என்று கேட்டால் இரண்டும்தான். அவருக்குள் அவை எப்போதுமே பிரிந்து இருந்ததில்லை. நான் சத்தம் போட்டேன். அப்பா பிடித்த பிடியில் நின்றார். கடைசியில் அம்மா குறுக்கே வந்து, "வீட்டுக்கு வான்னு இருக்குல்ல, அது போதும்டி. அவர் மனசு மாறறதுக்குள்ள அனுப்பிடு" என்று கெஞ்சினாள். அவர் சொன்னது சொன்னபடி அனுப்பினேன்.

மறுநாள் அம்மா அவனுடைய போர்வையைத் துவைத்துக் காயப் போட்டாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, காய்ச்சலில்கூட அவர் லீவு போட்டதில்லை.

நான் கடைக்குப் போனேன். பேண்ட்காரர் வந்து, இடுப்பை இப்படிக் குதறி வைத்திருக்கிறாயே என்று கத்திக்கொண்டிருந்தார். அவரை நிற்க வைத்துவிட்டு ஆல்பத்தைத் திறந்தேன். எட்டு இருந்தது. அதற்கு அடுத்து பத்து இருந்தது. ஒன்பது இல்லை. அதன் கீழே நாங்கள் எழுதியதும் இல்லை. பதில் வந்திருக்குமோ என்று எங்கெங்கோ தட்டிப் பார்த்தேன், ஒரு எழுத்துகூட இல்லை. அந்த டிராக்கைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"படிச்சுட்டானாம்மா?"

"படிச்சுட்டான்பா."

"நல்லா இருக்கான்ல?"

"இருக்கான்பா."

"எப்ப வரேன்னான்?"

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், மெதுவாகத்தான் வந்தது. "நீங்க ரெண்டு கேட்டீங்கப்பா. குரலை எடுத்துட்டான்."

அந்தப் பக்கம் அப்பா மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. அவருக்குப் பின்னால் அம்மா மட்டும், "எப்ப வரானாம், கேளுங்க, எப்ப வரானாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.