மருந்து காய்வதற்குள்

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கையில் என் ரிப்போர்ட். முப்பத்திரண்டு வயதிலேயே மாதவிலக்கு நிற்கிற நிலைக்கு என் உடம்பு வந்துவிட்டதாம். ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பூ வெட்டுகிறேன் என்றேன். மருந்து அடித்த உடனே உள்ளே போவீர்களா என்று அவர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க சூப்பர்வைசர் என் கூடப்பொறந்த அண்ணன், டாக்டர். இலை ஈரமா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, செடிக்கு வெறும் சத்து மருந்துதான்னு அவனே சொல்லியிருக்கான்." அவர் சிரிக்கவில்லை. சில பூச்சிமருந்துகள் ஹார்மோனைத் தாறுமாறாக்கிவிடும், உங்களுக்கு அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் குழந்தை ஆசை இருந்தால் இனி அங்கே கால் வைக்காதீர்கள் என்றார்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? சொன்னால் துடித்துப்போய் இடம் மாற்றித் தருவான் என்று நம்பினேன். அண்ணி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் முன்பு என்னோடு பூ வெட்டியவள்தான். பேக்கிங் அறைக்கு மாறிப் போனபோது, "மகாராணிக்கு ஏசி கேக்குதோ?" என்று நானே கிண்டலடித்திருக்கிறேன்.

"நீ இன்னுமா அங்க போற? கல்யாணமான வாரமே உங்க அண்ணன் என்னை மாத்திட்டாரே. பிள்ளை வேணும்னா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதன்னு..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"தெரிஞ்சேதான் என்னை அனுப்புனியாண்ணா?"

"ஒருத்திய மாத்துனதுக்கே மேல ஆயிரம் கேள்வி. ரெண்டு பேரை எப்படிம்மா மாத்துறது?"

கூட இருந்தே கழுத்தை அறுத்துவிட்டு 'ம்மா' என்கிறான். அந்த 'ம்மா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பண்ணைக்குப் போனேன், வேலைக்கு அல்ல. கூடார வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இலைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. எதிரே கத்தரிக்கோலும் கையுமாகப் பெண்கள்.

"அது சத்து மருந்து இல்லடி. யாரும் உள்ள போகாதீங்க."

"அடப் போடி, உங்கண்ணன் நம்மளக் கொல்லவா போறான்?" என்று அவர்களில் வாயாடி ஒருத்தி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு அண்ணன் வேகமாக வந்தான். வாசலை நெருங்கியதும், கழுத்தில் தொங்கிய முகமூடியைப் பழக்கதோஷத்தில் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். தினமும் நாங்கள் பார்ப்பதுதான். என் தோளைத் தள்ளிக்கொண்டிருந்த வாயாடியின் கை அப்படியே நின்றது.