ஜாமீனில் வந்தவன்

மார்லீனின் தம்பியைக் குத்திக் கொன்றவன், வேறொரு வழக்கில் ஜாமீனில் வந்திருந்தவன். இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் அவள் ஜாமீன் சட்டத்தைக் கடுமையாக்குவோம் என்ற கன்சர்வேட்டிவ் கட்சிக்காக, கனடாவின் ரெட் டீர் நகரில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். ஒரு கதவைத் திறந்தவள் வெர்னா, கொன்றவனின் தாய். நீதிமன்றத்தில் பார்த்த முகம்.

மார்லீன் சட்டென்று திரும்பி நடந்தாள்.

“நில்லும்மா. என் ஓட்டு உங்களுக்குத்தான்,” என்றாள் வெர்னா.

“உங்க மகனை உள்ளேயே வைக்கணும்னு சொல்ற கட்சிங்க இது.”

“அவனை வெளிய விடாதீங்கன்னு ஜட்ஜ்கிட்ட நானே கெஞ்சினேன். கேக்கலியே! கேட்டிருந்தா உன் தம்பி உசிரோட இருந்திருப்பான். என் பிள்ளையும் கொலைகாரனா ஆகியிருக்க மாட்டான்.”

மார்லீன் திரும்பி வாசலுக்கு வந்தாள். பனி பெய்துகொண்டிருந்தது. வெர்னா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அன்று மார்லீன் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.