கோடு ஏறிய இடம்

திருவிடைமருதூர் கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சேரன், காலையில் கண் விழித்ததும் பார்ப்பது எண்ணிக்கையைத்தான். பல் துலக்குவதெல்லாம் அப்புறம். போர்வைக்குள் இருந்தபடியே போனைத் திறந்து, 'செம்மொழி பாப்பா' சேனலை நேற்றிலிருந்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் காலைத் தரையில் வைப்பான். ஏறியிருந்தால் டீக்கடையில் எதிரே நிற்பவனுக்கும் சேர்த்து டீ சொல்வான். ஏறவில்லை என்றால் அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

செம்மொழி அவன் அக்கா மலர்க்கொடியின் மகள். ஒன்றாம் வகுப்பு. வாய் ஓயாது பேசுவாள், தூங்கும்போதும் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். சேரனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் அக்கா வீட்டில்தான், பொழுதுபோவதும் அக்கா மகளோடுதான். அவள் மேல் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வரப்போவதை எல்லாம் அவன் பாசம் இல்லாமல் செய்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலில் போட்டதெல்லாம் நல்ல வீடியோக்கள். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துகளுக்கு அவள் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தது, நாற்றங்கால் தவளைக்குப் பள்ளிக்கூடப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது. பார்த்தவர்கள் மலர்க்கொடி, அவள் கணவன் தங்கையன், சேரனின் கூட்டாளி ஃபாஜில். அவ்வளவுதான். பொறுக்காமல், பழுதுக்கு வந்த போன்களில் எல்லாம் 'சவுண்டு சரியா வருதான்னு பாக்குறேன்' என்று வாத்து வீடியோவையே ஓடவிட்டான் சேரன். "நீயே போட்டு, நீயே பாத்து, நீயே கைதட்டிக்கிற. நல்லாருக்குடா உன் பொழப்பு" என்றான் ஃபாஜில்.

போன பங்குனியில் செம்மொழிக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? சேரன் போனை ஃபாஜில் கையில் கொடுத்துவிட்டு, புதுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "வலிக்காதுடா செல்லம், மாமன் இருக்கேன்ல" என்று அவள் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆசாரி ஊசியை இறக்கியதும் அவள் கோயில் மணியையே அமுக்குகிற மாதிரி வீரிட்டாள். சேரனுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த வீடியோவை ஒரு நினைவுக்காகத்தான் போட்டான். ஒரே வாரத்தில் அது லட்சத்தைத் தாண்டிப் பறந்தது.

இந்த இடத்தில்தான் அந்தக் கோடு வருகிறது. சேனல் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிகிற கோடு அது. வீடியோவின் எந்த நொடி வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று காட்டும். வாத்து வீடியோவில் அது கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியிருந்தது. காதுகுத்து வீடியோவிலோ, செம்மொழி அழுகிற இடத்தில் திடுமென்று மேலே ஏறியிருந்தது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். யார் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்க வழியில்லை. குழந்தைகளுக்கான வீடியோ என்று குறித்துவிட்டால் அதற்குக் கீழே யாரும் கருத்து எழுத முடியாது. வாயில்லாத அந்தக் கோட்டுக்குச் சேரன் தானே அர்த்தம் சொல்லிக்கொண்டான்: நம்ம பாப்பா அழுகிறது ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு செம்மொழி அடிக்கடி அழ வேண்டியிருந்தது. பொம்மையை ஒளித்து வைப்பான். அவள் கட்டிய மணல் கோபுரத்தைத் தெரியாமல் மிதித்த மாதிரி மிதிப்பான். கையிலிருக்கும் தின்பண்டத்தை ஆட்டுக்குட்டிக்கு நீட்டுவான். அவள் அழுவாள், கோடு ஏறும், பிறகு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐஸ் வாங்கித் தரப் போவான்.

"ஏன்டா புள்ளைய அழ வச்சு அழ வச்சு படம் புடிக்கிற?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"ரெண்டு நிமிஷ அழுகைக்கா. நீ வேற ஊடால ஓடியாந்து கெடுத்துடுற. நான் போனப் புடிச்சிருக்கிறப்ப அவ அழுதா, நீ வராத. நான் பாத்துக்குறேன்."

மலர்க்கொடி முதலில் முணுமுணுத்தாள். ஆனால் ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாதவள் ஒருத்தி, "செம்மொழி பாப்பாவோட அம்மாதானே நீங்க?" என்று கேட்டபோது அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. அதிலிருந்து வீட்டில் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. போனில் படம் பிடிக்கும்போது குழந்தை அழுதால் அம்மா வரக்கூடாது. செம்மொழியும் கெட்டிக்காரி. "மாமா, இப்பவே அழுவட்டா? இல்ல நீ பொம்மைய எடுத்தப்பறம் அழுவட்டா?" என்று கேட்டு, முகத்தைச் சரியாகப் போன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குறுவை அறுப்பு முடிகிற சமயத்தில் ஒருநாள் ஃபாஜில் தன் மனைவியின் போனைக் கொண்டுவந்தான். சத்தம் வரவில்லை. சேரன் பிரித்துப் பார்த்தால், ஒலிபெருக்கித் துளை முழுக்கக் காய்ந்த பருப்புச் சோறு. குழந்தை இருக்கிற வீட்டுப் போன்கள் இப்படித்தான் வரும். ஊசியால் கிண்டி எடுப்பது அவனுக்கு அன்றாட வேலை. "மதியத்துக்குள்ள குடுத்துர்றா மாப்ள. இது இல்லாம எம்மவ ஒரு வாய் சோறு உள்ள உடமாட்டேங்குறா" என்றான் ஃபாஜில். சேரனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

"வாங்கண்ணே, நல்லாருப்பீங்க!" என்று வாங்கிக்கொண்ட ஃபாஜிலின் மனைவி ரஹ்மத் பீவி, ஒன்றரை வயது மகளை முன்னால் உட்கார வைத்து, எதிரே தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தாள். போனில் செம்மொழி வந்தாள். காதுகுத்து.

"நம்ம வீடியோவாம்மா?" சேரனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"தெனமும் இதாண்ணே. பாருங்க வேடிக்கைய."

திரையில் ஊசி இறங்கியது. செம்மொழி வீரிட்டாள். எதிரே இருந்த சின்னவளின் வாய் அப்படியே பிளந்தது. ரஹ்மத் பீவி சட்டென்று ஒரு கவளத்தை உள்ளே தள்ளினாள். அடுத்த கவளத்தை உருட்டியபடி, இடது கை விரலால் வீடியோவைப் பின்னால் இழுத்தாள். மறுபடியும் ஊசி, மறுபடியும் வீரிடல், மறுபடியும் சோறு.

"ஒரு கிண்ணம் சோறு முடியறதுக்குள்ள உங்க செம்மொழி எத்தன தடவ அழுவுறாளோ, பாவம்" என்று சிரித்தாள். "எங்க அக்கா வீட்லயும் இப்புடித்தாண்ணே ஊட்டுறாங்க. என்ன பண்றது, வேல கெடக்கே."

சேரன் சின்னவளின் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு இல்லை. வேடிக்கை பார்க்கிற ஆசையும் இல்லை. கண் இமைக்கவில்லை, கீழுதடு நடுங்கியது. இன்னொரு குழந்தைக்கு வலிப்பதைப் பார்த்து மிரண்டுபோய்த் திறந்த வாய் அது. வாயில் விழுந்தது பருப்புச் சோறா பாயசமா என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆக, அந்தக் கோடு ஏறிய இடம் இதுதான். லட்சம் பேர் தன் மருமகளைக் கொஞ்சுகிறார்கள் என்று அவன் எண்ணியிருந்தான். பாதிப் பேர் இப்படி மிரண்ட குழந்தைகளாக இருந்தால்?

வண்டியில் திரும்பும்போது மனசு என்னவோ செய்தது. ஆனால் மனசுக்குச் சமாதானம் சொல்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? எப்படிப் பார்த்தால் என்ன, எண்ணிக்கை எண்ணிக்கைதானே என்று சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் மறுபடியும் போனைத் தூக்கினான்.

வாசலை ஒட்டிய தார்ச்சாலையில் தங்கையனின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் குறையாமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். முதல் நடை மூட்டைகளோடு தங்கையன் அங்கே வரிசையில் கிடந்தான். செம்மொழி தன் பெயரை நெல்லில் காலால் எழுத வேண்டும், மாமன் வந்து அதைக் கலைக்க வேண்டும், அவள் அழ வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"செ" எழுதி முடித்தவள், ஓரத்தில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாய் இடிக்கிறதென்று அதைக் காலால் தள்ளினாள். தள்ளிய மாத்திரத்தில் வீரிட்டு அழுதாள்.

நான் இன்னும் கலைக்கவே இல்லையே என்று நினைத்தான் சேரன். ஆனாலும் அழுகை அசலாக இருந்தது. இதுவரை அவள் இப்படி அழுததே இல்லை. "சூப்பர்டா செல்லம், அப்புடியே, இந்தப் பக்கம் பாரு" என்று நெருங்கிப் போனான்.

அவள் பார்த்தாள். அழுதுகொண்டே, பழகின மாதிரி, முகத்தைப் போன் பக்கம் திருப்பினாள். "மாமா... நெஜமா..."

"ஆமாடா, சொல்லு சொல்லு."

அழுகை கேட்டு மலர்க்கொடி வாசப்படி வரைக்கும் வந்தாள். தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறதென்று திரும்பி உள்ளே போனாள்.

"மாமா, நெஜமா மாமா..."

செம்மொழி உட்கார்ந்து இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவளுக்குப் பின்னால், மஞ்சள் நெல்லின் மேல், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு செந்தேள் ஊர்ந்துபோவதைச் சேரன் முதலில் கண்டது போன் திரையில்தான். போன் கையிலிருந்து நெல்லில் விழுந்தது. "அக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது.

தேள் கொட்டினால் சின்ன உடம்பு தாங்காது. வண்டியை எப்படி ஓட்டினான், எந்தச் சந்தில் திரும்பினான் என்று சேரனுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பின்னால் அக்கா மடியில் செம்மொழி வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நெஞ்சு படபடக்கிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் டாக்டர், "இனிமே பயமில்ல. இன்னும் கொஞ்சம் லேட்டாக்கியிருந்தா சொல்ல முடியாது" என்றார். அந்த 'கொஞ்சம்' யாருடையது என்று சேரனுக்குத் தெரியும்.

நர்ஸ் இன்னொரு ஊசியோடு வந்தாள். செம்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றதே தவிர, சத்தம் வரவில்லை. மெதுவாக, "மாமா, போனு எங்க?" என்றாள்.

"இல்லடா. அங்கயே கெடக்குது."

"அப்ப நான் அழ வேண்டாமா?"

மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சேரன் கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவனைப் போல ஒரு மாமனை அவனே அந்த நிமிஷம் மன்னிக்கத் தயாராக இல்லை. "வலிச்சா அழுடா தங்கம். நல்லா அழு. மாமன் இருக்கேன்" என்றான். கோயிலில் சொன்ன அதே வார்த்தைதான். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. செம்மொழி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தன் வலிக்காக மட்டும், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபாஜில், மனைவி மகளோடு வந்து சேர்ந்தான். கூடவே நெல்லிலிருந்து பொறுக்கிய சேரனின் போனும் வந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் உயிர் இருந்தது. அதை வாங்கியதும் சேரன் அன்று காலை பதிவானதை முதலில் அழித்தான். பிறகு சேனலைத் திறந்து, அழுகிற வீடியோக்களை ஒன்றொன்றாக எடுக்கத் தொடங்கினான்.

"டேய், காதுகுத்தையுமா? இத்தன லட்சம் பேரு பாத்ததுடா, யோசிச்சுக்க" என்றான் ஃபாஜில்.

"நான் எப்புடிண்ணே இனிமே இவளுக்கு ஊட்டுறது?" என்று ரஹ்மத் பீவி பாதி விளையாட்டாகக் கேட்டாள். கேட்டு வாய் மூடவில்லை, அவள் இடுப்பில் இருந்த சின்னவள் கட்டில் பக்கம் சாய்ந்தாள். தினமும் செம்பில் சாய்ந்து அழுகிற அக்கா இங்கே அழாமல் உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். சின்னவள் அவள் வாயையே பார்த்தாள். பிறகு தன் வாயையும் திறந்தாள். செம்மொழி ஒரு துண்டைப் பிய்த்து, "ஆ காட்டு, சூடா இருக்கும், ஊது" என்று பெரிய மனுஷி மாதிரி அதட்டி ஊட்டினாள். சின்னவள் மென்று, சிரித்து, பாதியைத் துப்பி, மறுபடியும் வாயைத் திறந்தாள். ரஹ்மத் பீவிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

சேரனின் விரல் காதுகுத்து வீடியோவின் மேல் நின்றது. எத்தனையோ காலைகளை நல்லதாக்கிய எண்ணிக்கை. அவன் அக்காவைப் பார்த்தான்.

மலர்க்கொடி ஃபாஜிலிடம்தான் பேசினாள். "லட்சம் பேரு பாத்தாங்க, இல்லங்கல. இன்னிக்கு எம்புள்ள நெஜமா அழுதப்ப, அவங்களப் போலவே நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோம் தம்பி. பெத்தவ நான் வாசப்படி வரைக்கும் வந்து, பாத்துட்டு உள்ள போனேன். அழுவுற புள்ளைக்குப் பாக்குறதுக்கு லட்சம் பேரு வேணாம். தூக்குறதுக்கு ஒருத்தரு போதும்."

சேரன் விரலை அழுத்தினான். வீடியோ போயிற்று.

"மாமா, கால் வலிக்குது. தூக்கு" என்றாள் செம்மொழி.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான்.