அக்காவுக்கு ஒரு செய்வினை

குடிநீர் வாரியத்தில் அறிவிப்பு எழுதுகிறவருக்கு அலுவலகத்தில் 'படுகிறது' என்று பட்டப்பெயர். தெருவில் குழாய் உடைந்தால், 'குழாய் சேதப்படுத்தப்பட்டதால் விநியோகம் நிறுத்தப்படுகிறது' என்று எழுதுவார். உடைத்தது யார், நிறுத்தியது யார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதுதான் அவர் திறமை, சம்பளமும் அதற்குத்தான்.

அதே திறமையை வைத்துக்கொண்டு அன்று மாலை அக்காவுக்கு மன்னிப்புச் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்கா. அம்மா போன அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கையில், "நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்று இவர் அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா போனை எடுப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருப்பதற்காக நாளைக் காலை அவள் கிளம்புகிறாள். திரும்பி வரும் யோசனை இல்லை.

பள்ளியில் தமிழ் எடுக்கும் மனைவி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். 'அன்று சில வார்த்தைகள் சொல்லப்பட்டன. மனம் புண்படுத்தப்பட்டிருப்பின் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.'

"தண்ணி எப்போ வரும்னு போடலையே?" என்றாள்.

"ஏன், மரியாதையாத்தானே இருக்கு?"

"யாரு சொன்னா? யாரு புண்படுத்தினா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. செயப்பாட்டுவினையெல்லாம் வேலைக்கு ஆகாது. உங்க அக்காவுக்குச் செய்வினை வெச்சாத்தான் சரிப்படும்."

அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார். "அடிப்பாவி! நாத்தனாருக்கே செய்வினையா? மாப்பிள்ளை, நீங்களும் இதுக்கு உடந்தையா?"

"ஐயோ அம்மா, இது சூனியம் இல்ல, இலக்கணம்! 'நான் செஞ்சேன்'னு நேரா சொன்னா அது செய்வினை" என்றாள் மனைவி.

"அதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று முனகிக்கொண்டே மாமியார் திரும்பிப் போனார்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம். 'நான்' என்று தட்டினார், அழித்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் எழுதியதே இல்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கடைசியில் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினார்: 'அக்கா, நான்தான் சொன்னேன். சொன்னது பொய். அம்மாவை வந்து பார்க்காதது நான். அந்தப் பழியை உன் தலையில் போட்டேன். என்னை மன்னிச்சிடு.'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'விண்ணப்பம் பெறப்பட்டது. பெட்டிகள் இன்னும் கட்டப்படவில்லை. தம்பி உடனே நேரில் வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

அதற்குக் கீழே இன்னொரு வரி: 'சாப்பிடாம வா. நான் சமைச்சிருக்கேன்.'

சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்று மனைவி சொல்வதற்குள் அவர் தெருவில் இருந்தார்.