எலிச் செல்லுக்குள் ஒரு மனிதக் குரோமோசோம்

அப்பாவை நாகர்கோவிலில் அடக்கம் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தாம்பரத்தில் இறங்கினேன். பெட்டியோடு நேராகக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். என்னுடன் விலங்கியல் நடத்தும் சத்தியநாதன் வாசலிலேயே நின்றிருந்தான். நான் இல்லாதபோது என் செல்களுக்கு அவன்தான் தீனி போட்டான்.

"வந்து பாருங்கக்கா, குப்பி கொள்ளாம வளர்ந்திருக்கு. உங்களவிட எனக்குத்தான் கைராசி."

நுண்ணோக்கியில் பார்த்தேன். உண்மைதான். ஆனால் மருந்தில் இருக்கும் செல்கள் இவ்வளவு வேகமாக வளராது.

"மருந்து கலந்த ஊட்டநீரைத்தானே ஊத்தின?"

"முதல்ல அதான். பாவம், பாதி செத்து மிதந்துச்சு. துக்கத்துல வர்றவங்ககிட்ட காலிக் குப்பியையா நீட்டுறது? மருந்தில்லாததை ஊத்தினேன்."

அவை எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒட்டவைத்து உண்டாக்கிய கலப்புச் செல்கள். பிரியப் பிரிய, மனிதக் குரோமோசோம்களை உதிர்த்துவிடும். ஒன்றை மட்டும் உதிராமல் நிறுத்த ஒரு வழி உண்டு. செல் பிரிவதற்கு டி.என்.ஏ. செய்தாக வேண்டும். அதன் வழக்கமான பாதையை மருந்து அடைத்துவிடும். குறுக்குப் பாதைக்கு வேண்டிய நொதி இந்த எலிச் செல்லிடம் இல்லை. அந்த ஒரு மனிதக் குரோமோசோமில்தான் அதற்கான ஜீன் இருக்கிறது. அதைச் சுமக்கும் செல் மட்டும் பிழைக்கும். மருந்தை நிறுத்தினால் எதற்குச் சுமக்க வேண்டும்? அதையும் உதிர்த்துவிட்டுச் சுகமாக வளரும்.

அந்தக் குரோமோசோமின் மற்ற ஜீன்கள் எலிச் செல்லுக்குள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. உறையவைத்துச் சேமிக்க எங்களிடம் வசதியில்லை. இருந்ததெல்லாம் இந்தக் குப்பிகள்தான்.

"எல்லாம் போச்சாக்கா?"

"மருந்தை ஊத்தினாத்தான் தெரியும்."

ஊற்றினேன். கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. அதைப் பார்த்தபின் அவன் ஆய்வகப் பக்கமே வரவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்குச் சொல்லாமலே ஆரணிக்குப் போய்விட்டான். விடுதிகள் காலியாயின. மின்சார ரயில் போகும் சத்தம் வகுப்பறைகளுக்குள் எதிரொலித்தது. நான் தினமும் வந்து, செத்தவற்றை வடித்துவிட்டுப் புது மருந்து ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து பார்த்தபோது, கடைசிக் குப்பியின் ஓரத்தில் ஒரு சின்னத் திட்டு. தட்டினேன்; மிதக்கவில்லை. கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு!" என்றேன். கேட்க யாருமில்லை.

ஞாயிறுதோறும் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவேன். "உன் எலிக்குட்டிகள் சுகமா?" என்று தவறாமல் பதில் போடுவார். பழக்கத்தில் வாங்கிய இன்லண்ட் கடிதத்தாள் ஒன்று கைப்பையில் கிடந்தது. அதை எடுத்து மேசையில் விரித்தேன். பிறகு ஆரணி விலாசத்தை எழுதினேன்.

"ஒரு திட்டு பிழைத்திருக்கிறது, தம்பி. வந்து பார்."