மூடிய முகம்

அந்தக் கட்டட வேலையில் அவனுக்குக் கைகாட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. கிரேன் போடும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கீழே நின்று அவன் கையைக் காட்ட, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுபவர் மச்சான், அவன் பெண்டாட்டியின் அண்ணன். வீட்டில் யார் சொன்னாலும் காதில் வாங்காத மனுஷன், இங்கே மாப்பிள்ளையின் விரலுக்கு மறுபேச்சே பேசமாட்டார்.

அன்று இருவர் மனசும் வேலையில் இல்லை. அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இரண்டு தரம் தங்காமல் போய், மூன்றாவதாக வந்த கரு.

டைல்ஸ் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது போன் அடித்தது. அப்போது போனைத் தொடக்கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பவனே அவன்தான். எடுத்தான்.

"பொண்ணுடா! ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க" என்றாள் அம்மா.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. 'நிறுத்து' என்று காட்ட வேண்டிய இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோஷம் வந்தால் சிரிக்கத் தெரியாத பிறவி. கட்டு மாடி விளிம்பில் மோதி, டைல்ஸ் மொத்தமும் பொலபொலவென்று கொட்டியது. நல்ல வேளை, கீழே ஆளில்லை.

இன்ஜினியர் ஓடிவந்து மச்சானைக் கீழே இறக்கி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கைகாட்டி கும்பலுக்குப் பின்னால் பதுங்கினான். மச்சானுக்கு முகம் செத்துக் கிடந்தது. கண் மட்டும் கும்பலில் மாப்பிள்ளையைத் தேடியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தான் அழுததைப் பார்த்து, தங்கச்சி போய்விட்டாள் என்றல்லவா நினைத்திருக்கிறார்!

தலைகளுக்கு மேலே கைகளை உயர்த்தி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினான். மச்சான் வெறித்துப் பார்த்தார். பிறகு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"இவ்வளவு நாசம் பண்ணிட்டு இளிக்கிறியா? நாளையிலேர்ந்து வராதே!"

"சரிங்க சார்" என்றார் மச்சான், அதே சிரிப்போடு.

கைகாட்டி கும்பலைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சார், தப்பு என்னோடது. இவர் மேல ஒண்ணும் இல்ல."

மச்சான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. இன்ஜினியர் முன்னாலேயே அவனை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். இவ்வளவு நேரம் பதுங்கி நின்றவனுக்குத் திரும்பக் கட்டிக்கொள்ளக் கை எழவில்லை.