புண்ணா, மருந்தா

மருந்தெடுப்பவன் உள்ளங்கையில் துப்பிக் காட்டியதை மண்ணூரில் பாதித் தெரு பார்த்தது. முடி சுற்றிய கறுப்பு உருண்டை. நரசிம்மனின் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி எடுத்தானாம். "புருஷன மடக்கிப் போட சோத்துல மருந்து வச்சிருக்காங்க. இன்னும் உள்ள கீது," என்றான்.

சோறு போடுகிறவள் பெண்டாட்டி மஞ்சுளா. போதாதா? மாமியார் பாஞ்சாலி தெருவில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். "எம் புள்ளைய உருக்கிட்டாளே பாவி." அதைக்கூட மஞ்சுளா பொறுத்துக்கொண்டாள். மதியம் அவள் வைத்த தட்டை நரசிம்மன் ஒற்றை விரலால் தள்ளினான் பாருங்கள், அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்ச நாள் உங்கம்மா வூட்ல இரு," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"போறேன். உன் வயித்துக்குள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டுப் போறேன்."

ஆள் ஏற்கெனவே வெளுத்துக் கிடந்தான். வார்ப்படக் கம்பெனியில் உலைக்கு முன்னால் ஷிஃப்ட், அதற்கு மேல் ஓ.டி. இடுப்புவலிக்குத் தினமும் வெறும் வயிற்றில் பெட்டிக்கடை மாத்திரை. வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பு. மருந்து இறங்குகிறது என்று பாஞ்சாலி சந்தோஷப்பட்டாள். மறுநாள் அவன் தலை சுற்றி வாசலில் விழுந்தான். மஞ்சுளா யாரையும் கேட்கவில்லை. கைத்தாங்கலாக மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றினாள். "நீங்களும் வாங்க அத்த. அப்பால நான் பொய் சொல்றேன்னுவீங்க," என்று மாமியாரையும் இழுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கறுப்பு என்றதுமே டாக்டர் இராமச்சந்திரன் படுக்க வைத்து ரத்தம் ஏற்றச் சொன்னார். "கறுப்பா போனா பெரும்பாலும் மேல, இரைப்பைகிட்ட கசியுதுன்னு அர்த்தம். வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும். சிவப்பா போயிருந்தா, கீழ வழியா பெருங்குடலப் பாக்க வேண்டியிருக்கும். ரெண்டும் எண்டாஸ்கோப்பிதான்."

"வேணாம் சாமி, கொடலு கிழிஞ்சிடும்," என்றாள் பாஞ்சாலி.

"ஒருத்தன் வாய வச்சி உறிஞ்சும்போது கிழியாத கொடலு, டாக்டர் பாத்தாத்தான் கிழியுமா?" என்றாள் மஞ்சுளா. பிறகு டாக்டரிடம், "இவங்களும் பாக்கணும் சார்."

"இது என்ன சினிமாவாம்மா?"

"என் பொழப்பு சார். மருந்து வச்சேன்னு வூட்ட விட்டுத் தொரத்துறாங்க."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கண் வைத்துப் பார்ப்பதற்கென்று குழாயோடு மாட்டும் இன்னொரு கண்ணாடி உண்டு. அதை மாட்டச் சொன்னார்.

தொண்டை மரத்து, ஒருக்களித்துக் கிடந்த மகனின் வயிற்றுக்குள் பாஞ்சாலி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். சிவந்த சதை. நடுவில் வெள்ளையாகக் குழிந்த ஒரு புண், ஓரத்தில் உறைந்த ரத்தம்.

"வெறும் வயித்துல மாத்திரை போட்டுப் போட்டு வந்தது," என்றார் டாக்டர்.

"மருந்து உருண்ட?"

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

பாஞ்சாலி கண்ணை எடுத்தாள். மஞ்சுளாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் ஆத்திரம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வலி மாத்திரையைத் தொடக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றார்கள். நரசிம்மன் தொண்டையைச் செருமினான். "வா, வூட்டுக்குப் போலாம். உன் கையால கஞ்சி வையி."

"எந்தத் தெருவுல என்னை அசிங்கப்படுத்துனாங்களோ, அங்கயே நின்னு மருந்து இல்லன்னு சொல்லணும். அப்பறம்தான் கஞ்சி."

நரசிம்மன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பாஞ்சாலி சரியென்று தலையை ஆட்டினாள்.

"அவங்க சொல்லிடுவாங்க," என்றாள் மஞ்சுளா. "நீ சொல்லுவியா?"